எளிய இசையும் எளியோர் இசையும்

இசையின் எளிமை வேறு. எளியோரின் இசை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம் இளைஞரிடையே பெருகி வருகிறது. 'இண்டி ஃபோக்' என்றும் 'அக்கூஸ்டிக்' என்றும் பெயர் சூட்டப்பெற்று, ஒரு கிதாரும் தணிந்த குரலுமாய்ப் பாடல்கள் நாள்தோறும் வெளிவருகின்றன. அப்பெயர்களுக்கு உரிய பொருள் யாது என்று ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது.

அமெரிக்க மண்ணில் இவ்விசையின் வேர் உழைப்பாளரின் துயரில் இருக்கிறது. புழுதிப் புயலால் நிலமிழந்து, 1930களில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட உழவரின் அவலத்தைக் கிதாரோடு பாடினார் ஊடி கத்ரி. அவரைத் தம் முன்னோடியாகக் கொண்ட பாப் டிலன், 1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் மின்கிதாருடன் மேடையேறியபோது, கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். மின்சாரம் புகுந்தால் உண்மை வெளியேறிவிடும் என்று அவர்கள் அஞ்சினர் போலும். பின்னர், பெருநிறுவனங்களைச் சாராத சிறு வெளியீட்டாளர்களின் துணையோடு, வீட்டறையிலேயே பாடிப் பதிவுசெய்யும் ஒரு தலைமுறை தோன்றியது. 'போன் ஐவர்' என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன், 2006–07 பனிக்காலத்தில் விஸ்கான்சின் மாநிலக் குடில் ஒன்றில் தனித்திருந்து உருவாக்கிய தொகுப்பை 2007இல் தாமே வெளியிட்டார். நரம்பின்மேல் விரல் வழுக்கும் ஓசையையும், பாடுவோனின் மூச்சையும், அறையின் எதிரொலியையும் குறையென்று நீக்காமல் அழகென்று போற்றுவதே இந்தப் பாணியின் தனித்தன்மை. பாடகன் நம் அருகில் அமர்ந்திருக்கிறான் என்னும் உணர்வை அது தருகிறது.

இந்த அண்மை தமிழருக்குப் புதிதன்று. தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஊர்கூடி இரவெல்லாம் ஓதும் மரபை அறிந்தோருக்கும், தெருவாசலில் நின்று பக்கீர் தட்டும் தாயிராவின் ஓசையில் வளர்ந்தோருக்கும், குரலும் ஒரு தோற்கருவியும் போதும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டினால், தாலாட்டும் தொழிற்பாட்டும் ஒப்பாரியும் வாழ்விலிருந்து பிரிக்க முடியாதவை என்பது விளங்கும்.

இந்த மரபு தற்காலத்தில் தன் குரலை எவ்வாறு கண்டுகொண்டது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமை கண்டு கொதித்தெழுந்தவர்களுள் ஒருவர், கீழக்கரையில் சாகுல் ஹமீது எனப் பிறந்த கவிஞர் இன்குலாப். அவருடைய 'மனுசங்கடா' பாடல், நாட்டார் கலை அறிஞரான கே.ஏ. குணசேகரனின் குரலில் மேடைதோறும் ஒலித்தது. திரைப்படத்தின் தயவின்றி அது மக்களிடம் சென்றது. தமிழில் 'தற்சார்பு இசை' என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், கிதார் இளைஞர்களுக்கு முன்னர் இதனையே சுட்டவேண்டும்.

2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அதே வழியில் வந்ததே. பறையும் கானாவும் மின்கருவிகளும் அங்கே கைகோத்தன. மின்சாரம் புகுந்ததால் உண்மை வெளியேறிவிடவில்லை. அக்குழுவின் அறிவு, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி', இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மூதாதையரின் நினைவை உலகெங்கும் கொண்டுசென்றது. ஆயினும் அப்பாடலின் பெருமை எவருக்குரியது என்ற வழக்காடல் 2022இல் எழுந்தது. அதனால் தமக்கு வருவாயே வரவில்லை என்று இசையமைப்பாளரே 2024இல் வெளிப்படையாகக் கூறினார். நிலமற்றோரின் துயரைப் பாடிய பாடலின் உரிமையே இவ்வாறு கேள்விக்குள்ளானது எத்தகைய முரண்! எனவே, கருவி எளியதா என்பதைக் காட்டிலும், பாடல் எவர் கையில் இருக்கிறது என்பதே முதன்மையான கேள்வி.

இந்தக் கேள்வியோடு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பாதையை நோக்குவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. எனினும் கைப்பேசித் தொழில் அங்கே தொடர்கிறது. இன்று உலகம் பாட்டுக் கேட்கும் கருவிகளில் ஒரு பகுதி இந்த வட்டாரப் பெண்களின் விரல்களால் பொருத்தப்படுகிறது. அந்த விரல்களுக்குரிய பாட்டு எங்கே?

நடவு வயலில் பாட்டின் தாளத்தைக் கைகளே வகுத்தன. களைப்புக்கேற்ப அது தளர்ந்தது, விரைந்தது. ஆலையில் தாளத்தை வகுப்பது ஓடும் பட்டை. குரலை விழுங்குவது இயந்திர இரைச்சல். 1990இல் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கி வருகிறது. ஆனால், இரவுமுறை வேலைக்குச் செல்பவர் விடிய விடியக் கூத்துப் பார்ப்பது எங்ஙனம்? ஆகவே, புதிய பாட்டு பணியிடத்தில் பிறக்காது; விடுதி அறையிலும் ஆலைப் பேருந்திலுமே பிறக்க வேண்டும். அதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றது கண்டு பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024இல் சுங்குவார்சத்திரத்து ஆலையொன்றில் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. இவை செய்தியாயின, இன்னும் நெஞ்சில் நிற்கும் பாட்டாகவில்லை.

கிதார் ஏந்தும் இளைஞரை நாம் பழிக்கவில்லை. காதற்பிரிவும் பாடத்தக்கதே. விஸ்கான்சின் பனியின் தனிமையை இரவல் வாங்கி நம் வெயிலில் போர்த்திக்கொள்வதுதான் பொருந்தவில்லை. தொழிற்பாதை விடுதியில் எட்டுப் பேர் உறங்கும் அறையில் ஒரு பெண் எவரையும் எழுப்பாமல் முணுமுணுக்கும் மெட்டுக்குத் தணிந்த குரல் ஒரு பாணியன்று, தேவை. அவள் கையிலிருக்கும் கைப்பேசியே அதைப் பதிவுசெய்யப் போதும். அதனைச் செவிமடுக்கவும், அவள் பெயரோடு வெளியிடவும், அதன் பயன் அவளையே சேரச் செய்யவும் நம் கவிஞரும் இசைவாணரும் முன்வருவார்களாயின், இன்குலாப் தொடங்கி வைத்த பணி தடைப்படாது தொடரும்.