வியட்நாம் என்று சொன்னவன்

கேம்பஸில் வேலை கிடைத்த வாரம், கல்யாண வீட்டில் மாமா கேட்டார்: “எந்தக் கம்பெனி மாப்ள?” பெயரைச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரரும் திரும்பிப் பார்த்தார். அங்கே எனக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் விண்ணப்பித்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

2007இல் ஸ்காட் ஹைஹவுஸும் சக ஆய்வாளர்களும் இந்த ஈர்ப்பை இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். நாலு பேர் மெச்ச வேண்டும் என்பது ஒன்று. நான் நம்புவதை என் வேலை காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. படித்ததும் சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ (1970) நினைவுக்கு வந்தது.

அப்பா இறந்ததால் மருத்துவப் படிப்பை விட்ட சித்தார்த்தன், கல்கத்தாவில் வேலை தேடி அலைகிறான். கடந்த பத்தாண்டின் முக்கிய நிகழ்வு எது என்று நேர்காணலில் கேட்கிறார்கள். நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. அவன் வியட்நாம் போர் என்கிறான். உடனே, நீ கம்யூனிஸ்டா என்ற கேள்வி வருகிறது. வேலை போச்சு.

நாலு ஆஃபர் கையில் இருப்பவனுக்குத்தான் கொள்கையெல்லாம் என்று ஆபீஸில் பேசிக்கொள்வோம். ஒரு ஆஃபரும் இல்லாதவனுக்கும் ‘நான் யார்’ என்பது இருக்கிறது என்று ராய் காட்டுகிறார். படத்தின் பலம் இது.

பலவீனமும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கை சுதபா வேலைக்குப் போகிறாள், அந்த வேலையை ரசிக்கிறாள், மாடலிங் ஆசையும் உண்டு. அவளுக்கும் வேலைதான் ‘நான் யார்’ என்பதற்கான பதில். ஆனால் நாம் அவளைப் பெரும்பாலும் அண்ணனின் கூச்சத்தின் வழியாகவே பார்க்கிறோம். அவளுடைய முதலாளியிடம் நியாயம் கேட்க அவன் கிளம்பிப் போகிறான். அவனுக்கு இருப்பது கொள்கை, அவளுக்கு இருப்பது வெறும் ஆசை என்றே படம் நம்மை நினைக்க வைக்கிறது.

கடைசியில் சித்தார்த்தன் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக பாலூர்காட் போய்ச் சேர்கிறான். ஊர் மெச்சும் வேலையும் இல்லை, கொள்கைக்கான வேலையும் இல்லை. அங்கே சிறுவயதில் கேட்ட பறவையின் குரல் திரும்பக் கேட்கிறது. முதல்முறை பார்த்தபோது அழுதேன்.

இந்த முறை அக்காதான் ஞாபகம் வந்தாள். கால் சென்டர் வேலைக்குப் போனபோது அவளிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்றுதான் கேட்டேன். அந்த வேலை ஏன் பிடிச்சிருக்குன்னு ஒரு நாளும் கேட்கல.