முனாஜாத்தில் கேட்பவன் யார்?

முனாஜாத்து என்னும் அரபுச் சொல்லுக்கு மறைவாக உரையாடுதல் என்பது பொருள். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தம் இறைவனைத் தாழ்ந்த குரலில் அழைத்த செய்தி, திருமறையின் மர்யம் அத்தியாயத் தொடக்கத்திலேயே வருகிறது. நம் புலவர்கள் அச்சொல்லைத் தமிழுக்குக் கொணர்ந்து, இடருற்ற வேளையில் இறைவனிடம் இறைஞ்சும் பாடல்வகைக்கே பெயராக்கினர். மறைவில் நிகழ்ந்த பேச்சு, ஊர்கூடி ஓதும் பாட்டாயிற்று. அது குறையன்று. ஆயினும் மறைவோடு வேறொன்றும் உடன் போய்விட்டதோ என்பதே என் ஐயம்.

இப்பாடல்கள் மக்களைக் கைகட்டி உட்கார வைக்கின்றன, தவக்குல் என்ற பெயரால் சோம்பலை வளர்க்கின்றன என்று படித்தவர் சிலர் பழிப்பர். திருமறையின் துஆக்களை ஊன்றி நோக்கியவர் அவ்வாறு கூறார். மூஸா நபி (அலை) மத்யனின் நீர்நிலையருகே வந்து நின்றபோது, முன்பின் அறியாத இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிய பின்னரே நிழலில் ஒதுங்கித் தம் வறுமையை இறைவனிடம் எடுத்துரைத்தார்கள். அய்யூப் நபி (அலை) துன்பம் தம்மைத் தீண்டியதை மட்டுமே கூறினார்கள். நோயை நீக்கு என்னும் சொல் அங்கில்லை. விடையாக வந்ததும் காலால் நிலத்தைத் தட்டுமாறு ஒரு கட்டளையே. பேறுகால வேதனையில் தனித்திருந்த மர்யம் (அலை) அவர்களும் மரத்தை உலுக்குமாறு பணிக்கப்பெற்றார்கள். பேரீச்சங்கனி அதன் பின்னர்தான்.

நபிமார் இருவர் வேண்டுதலிலும் மற்றொரு நுட்பம் உண்டு. அவர்கள் தம் நிலையைச் சொல்கிறார்கள். வேண்டும் பொருளின் பெயரைச் சொல்லவில்லை.

தமிழில் இந்நெறியை நான் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களிடம் காண்கிறேன். தொண்டிக்கு அருகில் பிறந்து, 1838இல் மறைந்து, சென்னை இராயபுரத்தில் அடக்கமான அப்பெரியாரின் பராபரக்கண்ணி, பெயராலேயே தாயுமானவரை நினைவூட்டும். றகுமான் கண்ணியிலோ கண்ணிதோறும் இறைவனை விளிக்கும் விளி வருகிறது. திரும்பத் திரும்ப வரும் அவ்விளி சலிப்பூட்டுகிறது என்பார் உளர். வாசலில் நின்று அழைப்பவன் ஒருமுறை அழைத்து ஓய்ந்துவிடுவானா? அவ்விளிகளுக்கு இடையே அவர் வைப்பது தம் அறியாமையையும் ஏக்கத்தையுமே. கேட்பவரைப் பற்றிய கணக்கு அங்கே முடிந்தபாடில்லை.

பின்னாளில் மலிந்த முனாஜாத்துகள் பலவற்றில் இது தலைகீழாயிற்று. கடன் தீர, பிணி தீர, பகை ஒழிய என்று தேவைகள் எதுகை மோனையோடு நீள்கின்றன. பாடுபவன் யாரென்று இறுதிவரை விளங்குவதில்லை. செருப்பின் வார் அறுந்தாலும் அல்லாஹ்விடமே கேட்கலாம் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. ஆகவே சிறு தேவையைக் கேட்பது இழிவென்று கூறேன். செருப்பைக் கேட்பவன் தான் நடக்கும் வழியையும் சொல்ல வேண்டாமா?

இக்கேள்வி எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. எங்கள் உத்திரமேரூரில் எழுந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் பொறித்துவைத்த ஊர் இது. மழை வந்தால் தேங்கக் கரை வேண்டும் என்பதை நன்கறிந்த ஊர் என்க.

வானம் பொய்த்த ஓராண்டு, மழைத் தொழுகைக்குத் திடலில் கூடினோம். இத்தொழுகைக்கு முன் பாவமன்னிப்புக் கோருக, தருமம் செய்க, பிறரிடம் பறித்த உரிமையைத் திருப்பிக் கொடுக்க என்று பிக்ஹு நூல்கள் பணிக்கின்றன. (கடைசியாகச் சொன்னதை நம் பயான்களில் அழுத்திச் சொல்வோர் அரியர்.) தொழுகை முடிந்ததும் ஒருவர் மழை வேண்டும் முனாஜாத்தை உருக்கமாக ஓதினார். காய்ந்த பயிர், வாடிய கால்நடை, பசித்த குழந்தை யாவும் அதில் இடம்பெற்றன. இனிய பாட்டு; நானும் கண்கலங்கினேன். ஏரிக்கு வரும் கால்வாயில் ஒரு பகுதியைத் தம் வயலோடு சேர்த்துக்கொண்டவர் எனக்கு முன்வரிசையில் நின்று ஆமீன் கூறிக்கொண்டிருந்தார். அவர் அழுகை பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் செய்ததை அறிந்தும் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தவர்களில் நானும் ஒருவன்.

பாட்டு நாற்பது அடிக்கு மேல் நீண்டது. கால்வாயைப் பற்றி அதில் ஓரடியும் இல்லை.