மன்யோசுவும் சங்கத் தொகைகளும்: ஒப்பீடு உணர்த்தும் பாடம்

ஓர் இனத்தின் பண்டைய வாழ்வை அறிவதற்கு அரசர் வரிசையும் போர்ச் செய்திகளும் மட்டும் போதா. அவ்வினத்து மக்கள் காதலித்தும் பிரிந்தும் வறுமையுற்றும் இறந்தோர்க்கு இரங்கியும் பாடிய பாடல்களே அவ்வாழ்வின் உள்ளீட்டை உணர்த்துவன. சங்கத் தொகைகளைக் கற்பிக்கும் தமிழாசிரியர் இதனை நன்கறிவர். பண்டைய ஜப்பானை மாணவர்க்கு எடுத்துரைக்குங்காலும் அவர்கள் நாட வேண்டியது அத்தகைய ஒரு தொகை நூலையே. மன்யோசு என்பது அதன் பெயர்.

ஜப்பானிய மொழியில் இன்று கிடைக்கும் கவிதைத் தொகைகளுள் மன்யோசுவே மிகப் பழமையானது. ‘பதினாயிரம் இலைகளின் திரட்டு’ என்று அதன் பெயர்க்குப் பொருள் கூறுவர். 20 பகுதிகளும் ஏறத்தாழ 4,500 பாடல்களும் கொண்டது அந்நூல். காலக்குறிப்புடைய பாடல்களுள் இறுதியானது கி.பி. 759ஆம் ஆண்டிற்குரியது. தொகுப்புப் பணியோடு பெரிதும் தொடர்புபடுத்தப்பெறுபவர் ஓதோமோ நோ யகமோச்சி என்னும் கவிஞர். அவர் அரசு அலுவலரும் ஆவார். பாடல்களுள் மிகப் பெரும்பாலானவை 5, 7, 5, 7, 7 என ஐந்தடியில் 31 அசையொலிகள் அமைந்த ‘தன்கா’ என்னும் குறும்பாக்கள்.

நூல் எழுந்த காலமும் கருதத்தக்கது. 710இல் நாரா தலைநகராயிற்று. 712இல் கொஜிக்கியும் 720இல் நிஹோன் ஷோக்கியும் எழுதி முடிக்கப்பெற்றன. 752இல் தோதாய்ஜிக் கோயிலின் பெரும்புத்தர் திருவுருவுக்குக் கண்திறப்புச் சடங்கை நிகழ்த்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. எழுத்தைச் சீனத்திலிருந்தும் பௌத்தத்தைக் கொரியா வழியாகவும் பெற்ற அம்மக்கள், தம் பாடல்களைத் தம் மொழியிலேயே காத்து வைக்க விரும்பினர். அதன்பொருட்டுச் சீன எழுத்துகளையே ஒலிக்குறிகளாக ஆண்டனர். எழுத்து அயலதாயினும் குரல் தமதாக இருத்தல் வேண்டும் என்னும் உறுதி அதில் புலனாகிறது.

ஜப்பான் என்னும் சொல்

மலேசியத் தமிழ் மாணவனுக்கு ஜப்பான் என்பது வெறும் நிலநூற் பெயரன்று. பூச்சோங் வட்டாரத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்திருந்த அவ்வூர், இன்று அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகங்களும் செறிந்த நகரமாகிவிட்டது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அங்குப் பயிலும் சிறுவன் ஜப்பானைக் கேலிச்சித்திரப் படங்களாலும் உணவகங்களாலும் அறிவான். அவன் பெற்றோர் தலைமுறை, 1982இல் அரசு அறிவித்த ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ வழியாக, உழைப்புக்கும் ஒழுங்குக்கும் எடுத்துக்காட்டான நாடாக அதனை அறிந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கோ ‘ஜப்பான்காரன் காலம்’ என்பது 1941 டிசம்பர் தொடங்கி 1945 வரை நீடித்த இருட்காலம். சயாம்-பர்மா இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர். பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. சென்றவருள் பல்லாயிரவர் திரும்பவில்லை.

இந்நிலையில், ‘பண்டைய ஜப்பானின் பண்பாடு’ என்று பாடம் தொடங்கும் ஆசிரியர் முன் ஒரு வினா எழுகிறது. லயத்து வாயிலில் காத்திருந்து மடிந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு அப்பண்பாட்டை எவ்வழியே காட்டுவது? இதற்கு இதுகாறும் தரப்பட்டு வந்த விடை, உறவுமுறை விடையாகும்.

உறவு என்னும் கருதுகோள்

கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), 1980 தொடங்கி, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்புண்டு என்னும் கருத்தை விரிவாக எழுதினார். நூற்றுக்கணக்கான சொல்லிணைகளையும் ஒலி ஒப்புமைகளையும் தொகுத்தார். தைப்பொங்கலையும் சனவரி 15ஆம் நாளையொட்டி ஜப்பானியச் சிற்றூர்களில் நிகழ்ந்த சிறுபுத்தாண்டுச் சடங்குகளையும் இணைத்துக் காட்டினார். தமிழ்நாட்டில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு ஆய்வில் ஈடுபட்டனர். மன்யோசுப் பாடல்களைத் தமிழில் தந்து, அவற்றைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டுக் காட்டிய மனோன்மணியாரின் பணி தமிழுலகம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

எனினும், ஓனோவின் கருதுகோளை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமிழ் கற்றறிந்த கமில் சுவலபில் போன்றோரும் அதனை ஐயுற்றனர். இரு மொழிகளின் சொற்களுள் ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்தவற்றைத் தேடித் தொகுத்தல் எளிது; ஒலிமாற்றம் விதியாக எங்கும் நிகழ்ந்தது என நிறுவுதலே கடிது. ஓனோவும் பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்தி, ஒருகுடும்ப உறவு என்பதை விடுத்து, நெற்பயிரோடு சென்ற மொழிக்கலப்பு என்று கூறலானார். தன்காவின் ஐந்தும் ஏழும் சங்கப் பாக்களில் உண்டு என்னும் கூற்றும் வலுவுடையதன்று. தொல்காப்பியர் எழுத்தெண்ணி அடி வகுத்தார் என்பது உண்மையே. ஆயின் அவர் வகுத்த கணக்கு 4 எழுத்து முதல் 20 எழுத்து வரை நெகிழ்ந்து செல்வது. ஐந்து, ஏழு என்று இறுகி நிற்பதன்று.

இக்கருதுகோளின் குறை மொழியியலோடு முடிவதில்லை. ‘அவர்கள் பேசுவதும் தமிழே’ என்று மகிழும் மாணவன், அப்பாடல்களைப் படிக்க வேண்டிய தேவையை இழந்துவிடுகிறான். உறவு என்னும் பெருமிதம் கவிதையை மறைக்கிறது, வரலாற்றையும் மறைக்கிறது. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவர் உறவு தேடவில்லை. சில சொற்களில் பெரும்பொருளை நிறுத்தும் அதன் சுருக்கத்தையே வியந்தார். அதுவே திறனாய்வு நெறி.

காவலர் பாடல்கள்

ஒப்பிடத்தக்க இடம் எது? பலரும் காட்டுவது காதற்பாடல்களை. மலை, கடல், மழை, பறவை ஆகியவற்றின் வழியே உள்ளத்தை உணர்த்தும் முறை இரு தொகைகளிலும் சிறந்து விளங்குதல் உண்மையே. ஆயின் அதனினும் ஆழமான இடம் ஒன்றுண்டு. அதுவே ‘சகிமோரி’ எனப்பெறும் எல்லைக் காவலர் பாடல்.

663இல் கொரியக் கரையில் நிகழ்ந்த போரில் தோல்வியுற்ற ஜப்பானிய அரசு, படையெடுப்பை அஞ்சி, மேற்கே கியூசுவிலும் அருகிருந்த தீவுகளிலும் காவல் அமைத்தது. அக்காவலுக்குக் கிழக்கு மாநிலத்து உழவர் மூன்றாண்டுப் பணிக்கு அழைக்கப்பட்டனர். 755இல் அவ்வாறு சென்றோர், இன்றைய ஒசாக்காவாகிய நானிவாத் துறையில் கப்பலேறக் கூடினர். படைத்துறை அலுவலராக அங்கிருந்த யகமோச்சி அவர்தம் பாடல்களைப் பெற்று, தேர்ந்தவற்றைத் தொகையில் சேர்த்தார். எண்பதுக்கும் மேற்பட்ட அப்பாடல்களை மன்யோசுவின் இருபதாம் பகுதியில் காணலாம். தாயை நினைந்தும் மனைவியைப் பிரிந்தும் வருந்திய எளியோரின் குரல் அது. உடையைப் பற்றிக்கொண்டு அழுத தாயில்லாப் பிள்ளைகளை விட்டுவந்த ஒருவனின் பாட்டும் அவற்றுள் உண்டு. அவன் பெயர் ஒசதா நோ தொனேரி ஓசிமா. ஊர் சினானோ மாநிலம். பெயரும் ஊரும் பாட்டோடு எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவன் புலவனல்லன். ஆயினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் நிலைத்திருக்கிறது.

சங்க முல்லைப் பாடல்கள் இத்துயரை அறியாதன அல்ல. கார்காலம் வந்தும் பாசறையினின்று மீளாத தலைவனை எண்ணி ஆற்றியிருக்கும் தலைவியை அவை அழகுறப் படைக்கின்றன. ஆயின் அகப்பாட்டில் எவர் பெயரையும் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. இவ்விதியின் பயன் பெரிது. ஒருவர் துயர் எல்லார் துயருமாகிறது. ஓசிமாவின் பாட்டு ஒருவனைக் காட்டி அனைவரையும் நினைப்பிக்கிறது. முல்லைப் பாட்டு ஒருவரையும் காட்டாமல் அனைவரையும் தழுவுகிறது. இரண்டும் கவிதை நெறியே.

எனினும் இன்னொரு விதியை ஆசிரியர் மறைத்தலாகாது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகார். அதற்குப் புறத்தே கைக்கிளை, பெருந்திணைகளில் வரலாம் என்று தொல்காப்பியம் வரையறுத்தது. கலித்தொகையில் ஏவல் மாந்தர் காதல் பேசும் இடத்திலும் நகைச்சுவையே மேலோங்கி நிற்கிறது. ஏவல்வழி உழைத்தோரின் பிரிவுத் துயர்க்கு நடுவிடம் தரப்படவில்லை. மன்யோசுவோடு ஒப்பிடுகையில்தான் இவ்வெற்றிடம் தெளிவாகக் கண்ணுக்குப் படுகிறது. ஒப்பீட்டின் உண்மைப் பயன் இதுவே. அது தன் இலக்கியத்தின் சிறப்பை மட்டுமன்றி, அது சொல்லாது விட்டதையும் காட்டவேண்டும்.

அதனால் மன்யோசு மக்களாட்சித் தொகையாகிவிடாது. சகிமோரிப் பாடல்களைத் தேர்ந்தவர் அவர்களைக் கப்பலேற்றிய அரசின் அலுவலரே. சிறவாத பாடல்களை விலக்கியதாக அக்குறிப்புகளே கூறுகின்றன. விலக்கப்பட்டோரின் துயர் குறைந்ததன்று, யாப்பே குறைபட்டது. இரங்கும் நெஞ்சும் ஏவும் கையும் ஒருவரிடத்திலேயே இருந்தன என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும்.

பெயர் எழுதும் கடன்

ஏவல்வழி வீட்டைப் பிரிந்தோரின் பாட்டைப் போற்றிய நாட்டின் படையே, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப்பின் பிறநாட்டு உழைப்பாளரைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்றது. நல்ல கவிதை ஓர் இனத்திடம் இருப்பதனால் அவ்வினத்தின் அரசு நல்லதாகிவிடுவதில்லை. அரசு கொடியதாயினமையால் கவிதை பொய்யாகிவிடுவதுமில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சில் வைத்திருக்கப் பழக்குவதே இலக்கியக் கல்வி.

சயாமில் இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அமைந்தன. தமிழ் உழைப்பாளர்க்குப் பெரும்பாலும் புதைகுழியின் அடையாளமும் எஞ்சவில்லை. அவர்க்கெனக் காஞ்சனாபுரியில் நடுகல் எழுந்தது 2023இல். வீழ்ந்தோர் பெயரும் பெருமையும் பொறித்துக் கல் நாட்டுதல் சங்கப் புறத்திணை மரபு. அகத்தில் பெயரை விலக்கிய அதே மரபு, புறத்தில் பெயரைக் கல்லில் எழுதியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அப்பணியை எழுத்தில் ஆற்ற முற்பட்டன. தொல்காப்பியம் புறத்தே நிறுத்திய வினைவலரை அவை நடுவிடத்தில் நிறுத்தின. அவற்றின் நடையில் குறை காண்போர் இப்பெருமையையும் கணக்கில் கொள்ளுதல் நேர்மை.

ஆதலின், பண்டைய ஜப்பானைக் கற்பிக்கும் வகுப்பில் காவலர் பாடல்களும் முல்லைப் பாடல்களும் சயாம் புதினங்களும் ஒருங்கே வைக்கப்படுதல் வேண்டும். பூச்சோங்கில் பயிலும் மாணவன், சினானோவின் ஓசிமா பெயரை அறிந்தபின், தன் வீட்டு முதியோரிடம் ஒரு கேள்வி கேட்பான்: “நம் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர் என்ன?” அப்பெயர் அவன் ஏட்டில் ஏறுமாயின் அப்பாடம் தன் கடனை ஆற்றியதாகும்.