நெஞ்சுக்கு இட்ட வாய்ப்பூட்டு: எகிப்தியரின் ‘இறந்தோர் நூல்’ பற்றி ஒரு திறனாய்வு

மோசே எகிப்தியரின் கல்வியில் பயின்றவர் என்பதை ஸ்தேவான் தம் உரையில் நினைவூட்டுகின்றார் (அப். 7:22). ஆயினும், அந்த எகிப்தின் உள்ளத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கொண்டிருந்த மறுமை பற்றிய எண்ணங்களை நாம் பெரிதும் கவனிப்பதில்லை. பழைய ஏற்பாட்டின் பின்னணி பற்றிய பாடத்தில் பிரமிடு, பதப்படுத்திய உடல், விலங்குத் தலை கொண்ட தெய்வங்கள் என்னும் சில சொற்களோடு அப்பொருள் முடிந்துவிடுகின்றது. எகிப்தியரின் ‘இறந்தோர் நூலை’ எடுத்துப் படிப்போரும் இருவகை முடிபுகளில் ஒன்றையே விரைந்து மேற்கொள்வர். ‘இது வெறும் மந்திரவாதம்’ என்பர் சிலர். ‘பத்துக் கட்டளைகளுக்கு முன்னோடியான உயர்ந்த அறநூல் இது’ என்பர் வேறு சிலர். இரண்டும் அந்நூலை அரைகுறையாகப் படித்ததால் எழுந்த முடிபுகளே. அறமும் மந்திரமும் ஒரே சுருளில், ஒரே மனிதனின் அச்சத்திலிருந்து எழுகின்றன. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளாதவரை அந்நூலை நாம் மதிப்பிட இயலாது. அது நம்மையும் எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பதையும் உணர இயலாது.

நூலும் அதன் வரலாறும்

‘இறந்தோர் நூல்’ என்னும் பெயர் எகிப்தியர் இட்டதன்று. 1842-இல் தூரின் நகரிலுள்ள ஒரு பாப்பிரசுச் சுருளை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு லெப்சியுஸ் இட்ட பெயர் அது. அதனை 165 இயல்களாகப் பகுத்து எண்ணிட்டவரும் அவரே. எகிப்தியரோ அதனைப் ‘பகலில் வெளிவருதல்’ என்னும் பொருள்படும் தொடரால் அழைத்தனர். இருளில் அடைபட்டுப் போகாமல் கதிரவனோடு மீண்டும் வெளியேற வேண்டும் என்பதே அவர்கள் விரும்பிய மறுமை.

இந்நூலுக்கு முன் இரு தொகுப்புகள் உண்டு. முதலாவது பிரமிடு வாசகங்கள். சக்காராவிலுள்ள ஊனாஸ் மன்னனின் பிரமிடில், கி.மு. 2350-ஐ ஒட்டிய காலத்தில், இவை முதன்முதலாகப் பொறிக்கப்பட்டன. 1881-இல் காஸ்டன் மாஸ்பரோ அவற்றைக் கண்டறிந்தார். விண்ணுலகு ஏறும் உரிமை அங்கே அரசனுக்கு உரியது. இரண்டாவது, நடு அரசுக் காலத்தில் அலுவலரும் செல்வரும் தம் சவப்பெட்டிகளில் எழுதுவித்த வாசகங்கள். இவற்றை அட்ரியான் டெ பக் 1935 முதல் 1961 வரை ஏழு தொகுதிகளாகப் பதிப்பித்தார். இதன் பின்னரே, ஏறத்தாழ கி.மு. 1600-க்குப் பின், பாப்பிரசுச் சுருளில் எழுதிய இறந்தோர் நூல் பரவியது. அரசனின் தனியுரிமை இவ்வாறு படிப்படியாகப் பிறருக்கும் இறங்கி வந்தது. ஆனால் அது ஏழைவரை இறங்கவில்லை. சுருள் விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

இதற்குச் சான்று, 1888-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காக வாலிஸ் பட்ஜ் வாங்கிய ஆனி என்பவரின் சுருள். கி.மு. 1250-ஐ ஒட்டி எழுதப்பட்ட அது ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுடையது. வண்ண ஓவியங்களால் பொலிவது. எனினும் அதன் பல பகுதிகள் உரியவர் இன்னார் என்று அறியாமலே முன்னதாக எழுதி வைக்கப்பட்டவை. பெயருக்காக விடப்பட்டிருந்த வெற்றிடங்களில் ஆனியின் பெயர் பின்னர் நிரப்பப்பட்டது. வாங்குபவன் எவனோ, அவன் செய்யாத பாவங்களின் பட்டியல் அவன் வருமுன்னே ஆயத்தமாய் இருந்தது!

நீதி மண்டபத்தில்

நூலின் உயிர்நிலை 125ஆம் இயல். இறந்தவன் இரட்டை உண்மையின் மண்டபத்தில் ஒசைரிஸ் முன் நிற்கின்றான். தான் செய்யாத தீமைகளை முதலில் ஒசைரிசிடமும், பின்னர் 42 தெய்வங்களுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தும் எடுத்துரைக்கின்றான். ‘எதிர்மறை அறிக்கை’ என்று அறிஞர் அழைப்பது இதுவே. கொலை செய்யவில்லை, எவரையும் பசியால் வாடவிடவில்லை, எவரையும் அழச்செய்யவில்லை, வேலைக்காரனைப் பற்றி எசமானிடம் கோள் சொல்லவில்லை, தராசின் எடையைத் திரிக்கவில்லை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓடும் நீரை அணையிட்டு மறிக்கவில்லை என்று அவ்வறிக்கை நீளுகின்றது. இறுதியில், பசித்தவனுக்கு அப்பமும் தாகமுற்றவனுக்கு நீரும் ஆடையற்றவனுக்கு ஆடையும் ஓடமற்றவனுக்கு ஓடமும் தந்ததாக உடன்பாட்டிலும் ஒரு கூற்று வருகின்றது. மத்தேயு 25-ஐப் படித்த எவரும் இங்கே சற்று நின்று சிந்திப்பர்.

இந்த அறம் போலியன்று. நீரே உயிரான நாட்டில் வாய்க்காலை மறிப்பது எத்தகைய கொடுமை என்பதை அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் இது. எகிப்தியக் குருமார் ஆலயப் பணியேற்கும்போது செய்த ஆணைமொழிகளோடு இதற்கு நெருங்கிய உறவுண்டு என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். தூய இடத்தின் வாயிலில் நுழைபவனின் ஒழுக்கத்தை வினவும் சங்கீதம் 15, 24 ஆகியவற்றின் அமைப்பும் இத்தகையதே.

ஆயினும் இவ்வியலின் தலைப்பைக் கூர்ந்து நோக்குக. இறந்தவன் தான் செய்த தீமை யாவற்றினின்றும் விடுபட்டுத் தெய்வங்களின் முகத்தைக் காண்பதற்காக ஓதப்படுவது என்று அத்தலைப்பே கூறுகின்றது. தலைப்பு, தீமை செய்ததை ஒப்புக்கொள்கின்றது. உள்ளடக்கமோ அனைத்தையும் மறுக்கின்றது. இந்த முரண்பாடே நூல் முழுவதற்கும் திறவுகோல் எனலாம். தான் குற்றமற்றவனல்லன் என்பதை ஓதுபவன் அறிவான். அதனாலேயே ஓதுகின்றான். அறிக்கை முடிந்த பின்னரும் அச்சம் தீர்வதில்லை. மண்டபத்தின் தாழ்ப்பாளும் நிலையும் தரையும் தத்தம் மறைபெயரைக் கேட்டு அவனை மறிக்கின்றன. ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை முடிந்தபின், அறிவைப் பற்றிய தேர்வு தொடங்குகின்றது. நல்லவனாய் இருந்தால் மட்டும் போதாது. சொல்ல வேண்டிய சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

நெஞ்சுக்கு ஒரு வேண்டுதல்

இவ்வியலோடு இணைந்த ஓவியத்தில் ஒரு துலாக்கோல் உண்டு. ஒரு தட்டில் இறந்தவனின் நெஞ்சம். மறுதட்டில் மாஅத்தின் இறகு. மாஅத் என்பது உண்மை, நீதி, உலக ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும் சொல். அனுபிஸ் தராசை நோக்க, தோத் முடிவை எழுதுகின்றான். அருகில், முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் காத்திருக்கின்றது. தோற்பவனின் நெஞ்சம் அதற்கு இரையாகும். ஆனால் உரியவன் தோற்றதாக வரைந்த சுருளை யார் விலை கொடுத்து வாங்குவர்? தீர்ப்பு வருமுன்னே, ‘குரல் மெய்யென நிலைபெற்றவன்’ என்னும் பட்டம் அவன் பெயரோடு எழுதப்பட்டாயிற்று.

இவ்விடத்தில்தான் 30ஆ என்று எண்ணிடப்பட்ட மந்திரம் வருகின்றது. இறந்தவன் தன் நெஞ்சை, தாயிடமிருந்து தான் பெற்ற நெஞ்சே என்று அன்போடு விளித்து, தீர்ப்பு மன்றத்தில் தனக்கெதிரான சாட்சியாக எழ வேண்டாம் என்றும், தராசு காப்போன் முன் தன்னைப் பகைக்க வேண்டாம் என்றும் கெஞ்சுகின்றான். இம்மந்திரம் வண்டு வடிவான பச்சைக்கல்லில் பொறிக்கப்பட்டுப் பிணத்தின் மார்பில் வைக்கப்பட்டது. மூளையை அகற்றிய எகிப்தியர் நெஞ்சத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தனர். நினைவும் சிந்தையும் அங்கே குடியிருப்பதாக நம்பினர். அந்நெஞ்சின்மேல் ஒரு கல்லை வைத்தனர். உண்மை பேசக்கூடிய ஒரே சாட்சிக்கு இட்ட வாய்ப்பூட்டு அது.

எகிப்து தன்னையே விசாரித்தல்

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி ப்ரெஸ்டெட் 1912-இலும் 1933-இலும் வெளியிட்ட நூல்களில், எகிப்தில் மனச்சாட்சி விடியத் தொடங்கியது என்றும், குருமாரின் மந்திர வாணிகம் அதனைக் கெடுத்தது என்றும் வாதிட்டார். சீர்திருத்தத் திருச்சபையின் மரபில் வந்த நமக்கு இவ்விளக்கம் எளிதில் இனிக்கும். பாவமன்னிப்புச் சீட்டும் லூத்தரும் உடனே நினைவுக்கு வருவர். அந்த எளிமையே அதன் குறை. விற்றவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது; வாங்கியவரின் நடுக்கத்தை ப்ரெஸ்டெட் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நெஞ்சம் சாட்சி சொல்லும் என்று நம்பாதவன் அதன் வாயைப் பூட்ட முயல்வானா? மந்திரமே மனச்சாட்சியின் வன்மைக்குச் சான்றாகின்றது.

மேலும், எகிப்து தன் மறுமைக் கொள்கையைத் தானே விசாரித்த நாடு. மெரிக்காரே மன்னனுக்குத் தந்தை கூறுவதாக அமைந்த அறிவுரை, மறுமை நீதிபதிகள் குற்றவாளிக்கு இரங்குவதில்லை என்றும், தீயவன் படைக்கும் எருதைவிட நேர்மையானவனின் பண்பே கடவுளுக்கு ஏற்றது என்றும் போதிக்கின்றது. ஆமோஸ் தீர்க்கர் கேட்டால் தலையசைப்பார். சவப்பெட்டி வாசகங்களுள் 1130ஆம் வாசகத்தில் படைப்புக் கடவுள், காற்றையும் வெள்ளத்தையும் எளியோர்க்கும் பெரியோர்க்கும் ஒப்பவே தந்ததாகவும், ஒவ்வொரு மனிதனையும் பிறனுக்கு நிகராகப் படைத்ததாகவும், தீமை செய்யத் தாம் கட்டளையிடவில்லை என்றும் உரைக்கின்றார். இன்தெஃப் மன்னனின் கல்லறைக்குரியதாகக் கூறப்படும் யாழிசைஞன் பாடலோ, அங்கிருந்து திரும்பி வந்து செய்தி சொன்னவர் எவருமில்லை என்கின்றது. ஞானியராகிய இம்ஹோத்தெப், ஹர்ஜெதெஃப் ஆகியோரின் கல்லறைச் சுவர்களும் இடிந்துபோயின என்று வருந்துகின்றது. நெஞ்சின் வாயைப் பூட்டும் மந்திரத்தைக் கண்டெடுத்தவன் என்று இறந்தோர் நூலின் குறிப்பு போற்றுவது அதே ஹர்ஜெதெஃபைத்தான்! மந்திரத்தைக் கண்டவனின் கல்லறையே நிலைக்கவில்லை என்பதை எகிப்தியர் பாடக் கேட்டிருந்தனர்.

எல்லாவற்றிலும் கூர்மையான விசாரணை, டெமோடிக் எழுத்திலுள்ள செத்னே கதையாகும். அதன் சுவடி, கிலவுதியு இராயரின் ஏழாம் ஆண்டைச் சேர்ந்த (கி.பி. 46–47) ஒரு கிரேக்க ஆவணத்தின் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. மிகுந்த ஆரவாரத்தோடு கொண்டுசெல்லப்பட்ட ஒரு செல்வனின் சவத்தையும், பாயில் சுருட்டித் துணையின்றிக் கொண்டுபோகப்பட்ட ஓர் ஏழையின் சவத்தையும் செத்னே காண்கின்றான். செல்வனே பேறு பெற்றவன் என்கின்றான். அவன் மகன் சி-ஒசைர், தந்தைக்கு அந்த ஏழையின் முடிவே வாய்க்கட்டும் என்கின்றான். பின்னர் அவனை மறுமையின் மண்டபங்களுக்கு அழைத்துச் செல்கின்றான். நன்மையைவிடத் தீமை மிகுந்திருந்த அச்செல்வனின் வலக்கண்ணில் கதவின் சுழல்முனை பொருந்தியிருக்கின்றது. அவனுடைய ஈம ஆடைகளோ ஏழைக்கு அணிவிக்கப்பட்டு, அவ்வேழை ஒசைரிசின் அருகில் நிற்கின்றான். ஈமப் பொருள்களின்மேல் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பை வெளியார் எவரும் எழுதியதில்லை.

திருமறையின் துலாக்கோல்

ஐசுவரியவானும் லாசருவும் பற்றிய உவமையை (லூக். 16:19–31) இக்கதையோடு ஹூகோ கிரெஸ்மன் 1918-இல் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒப்புமை தெளிவு, வேற்றுமையே சிந்தனைக்குரியது. சி-ஒசைர், மறுமையிலிருந்து திரும்பி வந்தவன் என்பது கதையின் முடிவில் வெளியாகின்றது. ஆண்டவரின் உவமையில் அவ்வாறு ஒருவரை அனுப்பும் வேண்டுகோள் மறுக்கப்படுகின்றது. உயிரோடிருக்கும் ஐந்து சகோதரருக்கு மோசேயும் தீர்க்கதரிசிகளும் போதும். மறுமையின் வரைபடத்தைக் காட்டுவதன்று உவமையின் நோக்கம். இன்று வாயிலில் கிடப்பவனைக் காட்டுவதே.

யோபு 31-ஆம் அதிகாரமும் இங்கு நினைக்கத்தக்கது. யோபுவும் தான் செய்யாத தீமைகளை வரிசைப்படுத்துகின்றான். அவன் பட்டியலிலும் வேலைக்காரன், விதவை, அநாதை, ஆடையற்றவன் ஆகியோர் உண்டு. ஆனால் அவன் தன் நெஞ்சைக் கெஞ்சவில்லை. மெய்யான தராசில் தன்னை நிறுக்கும்படி தானே கோருகின்றான் (31:6). சரியான மறைபெயரைச் சொல்லிக் கடவுளைக் கடந்துபோக அவன் விரும்பவில்லை; கடவுளையே எதிர்கொள்ள விரும்புகின்றான். அவன் பெற்ற விடையும், முன்னரே எழுதி வைத்த விடுதலைப் பட்டம் அன்று.

நம் நெஞ்சமே நம்மைக் குற்றப்படுத்தும்போது என்ன செய்வது என்னும் இதே வினாவை யோவானின் முதலாம் நிருபமும் எழுப்புகின்றது (3:19–20). நெஞ்சத்தை அடக்குமாறு அது கூறவில்லை. நெஞ்சத்தினும் பெரியவராகிய, அனைத்தையும் அறிந்த கடவுளை அது சுட்டுகின்றது. எகிப்தியன் அஞ்சியதோ, அனைத்தையும் அறிந்த சாட்சியைத்தான். அனைத்தும் அறியப்படுதல் எகிப்தியனுக்கு அச்சத்தின் காரணம். நிருப ஆசிரியருக்கோ ஆறுதலின் காரணம். சுவிசேஷம் நெஞ்சுக்கு வாய்ப்பூட்டு இடுவதன்று. நெஞ்சம் பேசி முடிக்கும்வரை கேட்கக்கூடிய துணிவைத் தருவது.

ஆயராகிய நாம் இதனை எகிப்தியருக்கு எதிரான வெற்றியாகக் கொள்ளலாகாது. நல்லடக்க ஆராதனைகளில் நாம் ஆற்றும் உரைகளைச் சற்று நினைத்துப் பார்ப்போமாக. இறந்தவர் எவராயினும் பெயரை மட்டும் மாற்றி நிரப்பும் வெற்றிடங்கள் நம் உரைகளில் இல்லையா? காணிக்கையின் அளவையும் குடும்பத்தின் பெருமையையும் கண்டு, ‘குரல் மெய்யென நிலைபெற்றவன்’ என்னும் பட்டத்தை நாமும் முன்னதாக எழுதிவிடுவதில்லையா? அவர் மறித்த வாய்க்காலும் அவர் திரித்த எடையும் ஊரார் அறிந்தவையாயிருக்க, பீடத்திலிருந்து நாம் பேசும் இனிய மொழிகள் துக்கித்திருப்போரின் நெஞ்சில் வைக்கும் பச்சைக்கல்லாகிவிடுகின்றன. உண்மையைச் சொல்லி, அதன்பின் கிருபையைச் சொல்லும் அடக்க உரையே கிறிஸ்தவ உரை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், தன் நெஞ்சம் தனக்கெதிராய்ச் சாட்சி சொல்லும் என்று ஆனி என்னும் எழுத்தர் அஞ்சினார். நமக்கு அந்த அச்சமேனும் எஞ்சியிருக்கின்றதா என்பதே இந்நூல் நம்மிடம் கேட்கும் கேள்வி.