கருமை நீங்க

அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியவள் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. அச்சேறாத பெண்ணெழுத்தின் மாதிரி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கோலப் புள்ளி நோட்டு வந்தது, பிள்ளை பெற்றவளுக்கான பத்தியக் குறிப்பு வந்தது, துபாயிலிருந்த கணவருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம்கூட வந்தது. அவள் கொண்டுவந்தது அம்மாவின் நாற்பது பக்க நோட்டு. முன்பக்கங்களில் பால் கணக்கு, சீட்டுப் பணக் கணக்கு. நடுவில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு தலைப்பு: ‘கருமை நீங்கவும் ஈரப்பதத்துக்கும் உடம்பு லோஷன்.’

கற்றாழைச் சோறு அரைக் கப், பன்னீர் கால் கப், கிளிசரின் இரண்டு ஸ்பூன், தேங்காயெண்ணெய் இரண்டு ஸ்பூன், எலுமிச்சம்பழம் ஒன்று, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை, வைட்டமின் ஈ மாத்திரை இரண்டு. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கவும். ஒரு மாதம் வரும். காலையும் மாலையும் பூசவும். ஒரே வாரத்தில் நிறம் கூடும்.

நோட்டை நீட்டிய கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், தண்ணீர் ஒழுகிக் காய்ந்ததுபோல, கோடு கோடாகக் கருத்திருந்தது. ‘என்னம்மா இது?’ என்றேன். ‘அதுதான் மேடம் இது’ என்று நோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

இப்படிப்பட்ட நோட்டுகளைப் பார்த்ததும் கொண்டாடிவிடுவது நம்மிடையே ஒரு பழக்கம். நானும் செய்திருக்கிறேன். அடுக்களைக் குறிப்பு, கைவைத்தியம், பாட்டி சொன்னது என்றாலே பெண்களின் அறிவு, வரலாறு மறைத்த ஆவணம் என்று எழுதிவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் கையெழுத்து அம்மாவுடையதுதான். வாக்கியம் அவருடையதா?

‘நீங்க’ என்ற வினையெச்சத்தைப் பாருங்கள். இருமல் நீங்க, தலைவலி நீங்க, வயிற்றுப்பூச்சி நீங்க என்று கைவைத்தியக் குறிப்புகளில் நோய் வந்து உட்காருகிற இடம் அது. அந்த இடத்தில் கருமை உட்கார்ந்திருக்கிறது. பிறகு ‘நிறம் கூடும்.’ எந்த நிறம் என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. நம் பேச்சில் நிறம் என்றால் ஒன்றுதான். கறுப்பாக இருக்கிறவளை ‘பொண்ணு நிறம் கம்மி’ என்போம். கறுப்பு ஒரு நிறமாக இல்லாமல் நிறத்தின் பற்றாக்குறையாகிவிட்டது. பழந்தமிழில் நிறம் என்ற சொல்லுக்கு மார்பு என்றும் பொருள் உண்டு; வேல் பாய்கிற உயிர்நிலை அது. இந்தச் சொல் பாய்கிற இடமும் அதுதான் என்று சொன்னால் மிகையென்று நினைப்பவர்கள் பெண்பார்க்கும் கூடத்தில் தட்டோடு நின்றிருக்கமாட்டார்கள்.

இந்த வாக்கியம் வந்த வழி ஓரளவு தெரிந்ததுதான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. அதையொட்டிப் பெருகிய விளம்பரத் தமிழில் நிலைத்த சொல் ‘சிவப்பழகு.’ வாரங்களை எண்ணிக் காட்டுவதும், முன்-பின் என்று இரண்டு முகங்களை வைப்பதும், பூசியதும் வேலையும் மாப்பிள்ளையும் வருவதும் அங்கிருந்து வந்தவை. ‘ஒரே வாரத்தில்’ என்று அம்மா எழுதியபோது அவர் கேட்டு வளர்ந்த குரல் எழுதியது. 2020-இல் அந்தப் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. சிவப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பொலிவு, பளிச், பிரைட்னிங் என்று சொல்லிக்கொள்கிறோம். பளிச் என்பதற்குச் சிவப்பு என்று பொருள் கொள்ளாத தாயோ மாமியாரோ எனக்கு இன்னும் எதிர்ப்படவில்லை.

சங்கப் பாடல்களைப் பாடம் நடத்துகிறவளுக்கு இது இரட்டை வேதனை. தலைவியின் அழகு அங்கே மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். மாயோள் என்பது புகழ்ச்சி. அவள் உடம்பில் நோயாக வருவது பசலை. நிறம் வெளுப்பது, பீர்க்கம்பூப் போல மஞ்சள் பாரிப்பது. திருக்குறளில் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே அந்த வெளுப்பின் துயரத்துக்கு உண்டு. நீங்க வேண்டியது வெளுப்பு, திரும்ப வேண்டியது மாமை. அந்தத் தலைவி எதைக் கண்டு அழுதாளோ அதைத்தான் நாம் சிட்டிகை அளவு போட்டுப் பூசிக்கொள்கிறோம்.

இதைச் சொன்னால் வகுப்பில் கைதட்டல் கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. சங்கத்திலும் அவள் தோல் அவளுடையதாக இருந்ததா? அவன் வந்தால் ஒரு நிறம், போனால் ஒரு நிறம். அவன் வரவு செலவைக் குறித்துவைக்கும் ஏடாகத்தானே அந்த உடம்பு இருந்தது? எந்த நிறம் மெச்சப்பட்டது என்பது மாறியிருக்கிறது. மெச்சுகிற உரிமை கைமாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மாமை பற்றி ஓர் இயல் உண்டு. அதை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் நான் கருவுற்றிருந்தேன். தினமும் இரவு மாமியார் குங்குமப்பூப் போட்ட பால் கொண்டுவந்து மேசையில் வைப்பார். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. அது நடவாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் வேண்டாமென்று சொல்லவில்லை. அன்புக்காகக் குடித்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஒரு மூலையில் ‘பலித்தால் நல்லதுதானே’ என்று இருந்தது.

அதனால் அந்த நோட்டின் அம்மாவை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நிறம் கம்மி என்றால் பவுன் கூட என்ற கணக்கு அவருக்குத் தெரியும். சீட்டுப் பணக் கணக்கும் லோஷன் குறிப்பும் ஒரே நோட்டில் இருப்பது தற்செயல் இல்லை.

2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் கதாநாயகன் வெளுப்பாக என்னென்னவோ பூசிக்கொள்கிறார், சிரிக்கிறோம். அதே படத்தில் முகம் முழுக்கக் கறுப்பு அப்பிய இரண்டு பெண்கள் வருகிறார்கள். பார்த்தவர்கள் அலறி ஓடுவதுதான் நகைச்சுவை. அவர்களுக்குப் பெயர் அங்கவை, சங்கவை. புறநானூறு பாரி மகளிர் என்று மட்டும் சொல்லும் இருவருக்குப் பிற்கால மரபு தந்த பெயர்கள். தகப்பனையும் நாட்டையும் இழந்து நிலவைப் பார்த்துப் பாடிய பெண்களின் பெயர்களைத் தேடியெடுத்து அந்தக் கறுப்பின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். தமிழ் படித்தவர்களிடமிருந்து எழுந்த முணுமுணுப்பும் பெரும்பாலும் பெயருக்கு நேர்ந்த இழிவு பற்றித்தான். நிறத்துக்கு நேர்ந்தது அவ்வளவாக உறுத்தவில்லை.

குறிப்புக்கு வருகிறேன். வேதியியல் துறைத் தோழியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் வரிவரியாகப் படித்து, ‘இதில் பாதி உணவு, பாதி தண்டனை’ என்றார். தோல் மேற்பரப்பின் பிஎச் ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால் தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலம். எலுமிச்சை வகைகளில் உள்ள சில பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். ஆறியபின் சாறு வழிந்த தடமெல்லாம் கருத்து நிற்கும். காலையில் பூசிவிட்டு மதுரை வெயிலில் பேருந்துக்கு நின்றவளின் கையில் இருந்தது அதுதான். கருமை நீங்கப் பூசியது கருமையை எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

அடுத்தது புட்டி. கற்றாழையும் பன்னீரும் நீர்ப்பொருள். நீர் இருக்கும் இடத்தில் கிருமியும் பூஞ்சையும் வளரும், ஃபிரிட்ஜிலும் மெல்ல வளரும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடுமே தவிரக் கிருமியைத் தடுக்காது. ஒரு மாதம் வராது, சில நாள்தான். எண்ணெயும் நீரும் மிக்சிக்குப் பயந்து சற்று நேரம் சேர்ந்திருக்கும், பிறகு பிரிந்துவிடும்.

நூறு கிராம் லோஷனுக்குத் தோழி தந்த கணக்கு வேறு. காய்ச்சி வடித்த நீர் 75, கிளிசரின் 4, ஏதேனும் ஒரு நல்ல எண்ணெய் 14, இரண்டையும் பிணைக்கும் எமல்சிஃபையிங் மெழுகு 6, ஃபீனாக்ஸிஎத்தனால் வகைப் பதனப்பொருள் 1. ஸ்பூனில் அளக்கக்கூடாது, தராசில் நிறுக்கவேண்டும். நீர்ப்பகுதியையும் எண்ணெய்ப்பகுதியையும் தனித்தனியே 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றி, ஆறும்வரை கலக்கவேண்டும். 40-க்குக் கீழே வந்தபிறகு பதனப்பொருள். கடைசியில் பிஎச் தாளில் 5-க்கும் 6-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ‘பிரைட்னிங்?’ என்று கேட்டேன். நியாசினமைடு இரண்டு மூன்று சதவீதம் போட்டால் திட்டுகள் சற்று மங்கலாம், பிறந்த நிறம் மாறாது என்றார். நிறத்தையே மாற்றுவதாகச் சொல்பவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். 2023-இல் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகுக் க்ரீம் பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தியை அப்போது நினைவூட்டினார். மருந்துக்கடைக் களிம்பைப் பிதுக்கி பாடி லோஷனில் கலந்து பூசுகிற வழக்கமும் நம் விடுதிகளில் உண்டு. ‘வீட்டில் செய்தது’ என்றுதான் அதையும் சொல்கிறார்கள்.

விளம்பரம் பொய் சொன்னால் புகார் செய்ய ஓர் இடமாவது இருக்கிறது. நிறத்தை மாற்றுவதாக விளம்பரம் செய்தால் சிறை என்று 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்துக்கு 2020-இல் ஒரு திருத்த வரைவு வெளியானது. அம்மாவின் மிக்சியை எந்தச் சட்டம் கேட்கும்? கடைப் புட்டியில் இருந்த கட்டளை வீட்டுப் புட்டிக்கு வந்ததும் அன்பாகிவிட்டது. கட்டளையிட்டவர் காணாமல் போய்விட்டார். தோல் வெந்தால் குற்றம் எலுமிச்சையின் அளவில், அல்லது சொன்னபடி பூசாத மகளிடம்.

என் வாதம் ஒரு ‘உம்’மைப் பற்றியது. ‘கருமை நீங்கவும் ஈரப்பதத்துக்கும்’ என்று தலைப்பு இரண்டையும் கோக்கிறது. ஈரப்பதம் தோல் கேட்பது. பங்குனி வெயிலிலும் சோப்புத் தண்ணீரிலும் வறண்ட தோல் அரித்துச் சொல்லும், வெடித்துச் சொல்லும். வெளுப்பைத் தோல் கேட்டதே இல்லை. கேட்பவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் ஒரே புட்டியில் ஊற்றியதால்தான் உடம்பைப் பேணுவது என்றாலே உடம்பைத் திருத்துவது என்று நம் மகள்கள் கற்றுக்கொள்கிறார்கள். லோஷன் பூசாதே என்று அவர்களிடம் சொல்வது என் வேலை இல்லை. நானும் பூசுகிறேன்.

மாணவி அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போனாள். தோழியின் ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமை செய்தும் பார்த்தார்கள். முதல் முறை திரிந்தது, இரண்டாம் முறை சரியாக வந்தது. நியாசினமைடு வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். வீட்டுக்கு எடுத்துப் போனதும் அம்மா முகர்ந்து பார்த்து, ‘இது எதைப் போக்கும்?’ என்று கேட்டிருக்கிறார்.

‘வறட்சியை.’

‘அவ்வளவுதானா?’

புட்டி தையல் மிஷின் பக்கத்தில் இருக்கிறதாம். பாதி காலி. மகள் விடுதியில் இருக்கிறாள்; வீட்டில் இருப்பது அம்மாவும், பித்தவெடிப்பு வந்த அவர் பாதங்களும்தான்.