தண்டர்பேர்டில் ஒரு பொத்தான்

தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தப் பெட்டி பழக்கமானதுதான். மெயில் எடுக்கப் போகும்போது, பாதுகாப்பு விதிவிலக்கைச் சேர்க்கவா என்று திடீரென ஒரு ஜன்னல் திறக்கும். கீழே உறுதிசெய்யும் பொத்தான். நிரந்தரமாக வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். நம்ம ஆட்கள் அமுக்கிட்டு மெயில் பார்க்கப் போயிடுவாங்க. அவர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அந்தப் பெட்டி மேல்தான் கோபம்.

அது மெயிலுக்காக எழுதப்பட்டதே இல்லை, ஃபயர்பாக்ஸ் உலாவிக்காக எழுதியது. வாசகத்தைப் படிச்சுப் பாருங்க: முறையான வங்கிகளும் கடைகளும் பொதுத் தளங்களும் இப்படிச் செய்யச் சொல்லாது என்று இருக்கும். மெயில் எடுக்கிற இடத்தில் கடை எங்கிருந்து வந்தது?

வாசகம் பொருந்தாதது மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆபத்தே வேறு மாதிரி. உலாவியில் எச்சரிக்கை வந்தால் அப்படியே திரும்பிவிடலாம்; கடவுச்சொல்லை இன்னும் தட்டியிருக்க மாட்டோம். மெயில் நிரலில் கடவுச்சொல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண கடவுச்சொல் முறையில் இயங்கும் கணக்கென்றால், நீங்கள் உறுதிசெய்த பிறகு நடக்கும் அடுத்த இணைப்பிலேயே அது எதிர்முனைக்குப் போய்விடும். அதற்கப்புறம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை (தண்டர்பேர்டின் இயல்பான இடைவெளி அதுதான்) நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தாலும் போய்க்கொண்டே இருக்கும். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் எல்லாம் வந்து விழுவதும் அதே மெயில் பெட்டியில்தான்.

ஒரு நியாயத்தையும் சொல்லணும். அந்த விதிவிலக்கு எல்லாச் சான்றிதழுக்கும் திறந்த கதவு கிடையாது. குறிப்பிட்ட சர்வர், குறிப்பிட்ட போர்ட், குறிப்பிட்ட ஒரே சான்றிதழ், இவற்றுக்கு மட்டும்தான். நாளை வேறொரு தவறான சான்றிதழ் வந்தால் மறுபடி கேட்கும். இது நல்ல வடிவமைப்பு. ஆனால் முதல் தடவை அமுக்கும்போது எதிரில் இருப்பது யார் என்பதற்கு அது உதவாது.

எச்சரிக்கை வரும் காரணங்களில் பல மிகச் சாதாரணமானவை. அதிகம் பார்ப்பது பெயர்ப் பொருத்தமின்மை. சிறு நிறுவனம், சொந்த டொமைன், பகிர்வு ஹோஸ்டிங். மெயில் சர்வர் பெயராக நம் டொமைனைக் கொடுத்திருப்போம். சான்றிதழ் ஹோஸ்டிங்காரர் பெயரில் இருக்கும். சான்றிதழில் உள்ள பெயரையே சர்வர் பெயராகக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஹோஸ்டிங்காரரிடமே அந்தப் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெட்டி காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்தில், "சார், அதை கன்ஃபர்ம் பண்ணிடுங்க" என்பதுதான் மொத்த சிகிச்சை. இன்னொன்று, மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கணினி பழைய தேதிக்குப் போயிருப்பது. அப்போது எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டால், அவுட்லுக் அதைத் தானே தேடி எடுத்துச் சமாளிக்கலாம், தண்டர்பேர்ட் முரண்டு பிடிக்கும். ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டுவதும் உண்டு.

இத்தனைக்கும் தீர்வு வேறு வேறு. பெட்டி தருவதோ ஒரே பொத்தான். தவறான தளம், காலாவதி, அறியாத அடையாளம் என்று வகை பிரித்துச் சொல்லத்தான் செய்கிறது. சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே வாசலில் கொண்டுவிடுகிறது. தேதி தவறு என்றால் கடிகாரத்தைப் பார் என்று ஒரு வரி போட்டால் என்ன?

பயனர்கள் எதையும் படிக்க மாட்டார்கள், மாற்றி என்ன பயன் என்பார்கள். 2013இல் தேவதத்தா அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளின் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போன விகிதம் குரோமில் 70.2%, ஃபயர்பாக்ஸில் 33%. இரண்டு பக்கமும் பயனர்கள் ஒரே ஆட்கள் இல்லைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியில் வடிவமைப்புக்குப் பங்கில்லை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் அவசரமும் இருக்கு. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகிறது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாத சின்ன மெயில் சர்வர்களில் காலாவதி அடிக்கடி நடக்கும். அதாவது இந்தப் பெட்டியும் அடிக்கடி வரும், கையும் பழகிப்போகும்.

குறைந்தபட்சம் அந்த டிக்கை எடுத்துவிடலாம். "இதை ஏற்றால் உங்கள் கடவுச்சொல் இந்த சர்வருக்குப் போகும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். நேற்றுவரை சரியாக இருந்த சர்வர் இன்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்லலாம். எந்த சர்வரிடம் பேசப் போகிறோம் என்பது நிரலுக்கு முன்கூட்டியே தெரியும், உலாவிக்கு இல்லாத வசதி அது.

நீங்கள் ஏற்கெனவே அமுக்கியவற்றைப் பார்க்க வேண்டுமானால், அமைப்புகளில் தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, அதில் சான்றிதழ்களை நிர்வகி, பிறகு சர்வர்கள் என்ற தாவல். பட்டியலில் காரணம் நினைவில் இல்லாத வரிகளை அழித்துவிட்டு ஒருமுறை மெயில் எடுத்துப் பாருங்கள். கேள்வியே வராவிட்டால் அந்த விதிவிலக்கு இப்போது தேவைப்படவில்லை. மறுபடி வந்தால், பொத்தானை விட்டுவிட்டு சான்றிதழில் இருக்கும் பெயரையும் தேதியையும் முதலில் படியுங்கள்.