‘தனித்த’ எலக்ட்ரான்: ஒரு கலைச்சொல்லின் இருபொருள்

அணுவின் எலக்ட்ரான் அமைப்பைப் பேசும் தமிழ் வேதியியல் நூல்களில் ‘தனித்த’ என்னும் அடை இருவேறு பொருள்களைச் சுமக்கிறது. ஓர் ஆர்பிட்டாலில் துணையின்றி நிற்பது தனித்த எலக்ட்ரான். பிணைப்பில் பங்குகொள்ளாது ஓர் அணுவிடமே தங்கிய இரண்டும் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள். முன்னதில் துணையின்மை, பின்னதில் பிணைப்பினின்று ஒதுங்கிய நிலை. காந்தப்பண்பை நோக்க இவை ஒன்றற்கொன்று நேர்மாறானவை.

நைட்ரஜன் அணுவில் ஹூண்ட் விதிப்படி மூன்று 2பி ஆர்பிட்டால்களிலும் ஒவ்வோர் எலக்ட்ரான் உண்டு. அம்மோனியாவில் இம்மூன்றும் ஹைட்ரஜனின் எலக்ட்ரான்களோடு பிணைப்பில் சேர்ந்துவிட, நைட்ரஜனிடம் எஞ்சுவது ஓர் இரட்டையே. அவ்விரண்டையும் ‘தனித்தவை’ என எண்ணித் தற்சுழற்சியை மட்டும் கருதும் சூத்திரத்தில் இட்டால், காந்தத் திருப்புத்திறன் 2.83 போர் மேக்னட்டான் என வரும். உண்மை மதிப்பு சுழி. அம்மோனியா டயாகாந்தப் பொருள். இப்பிழையைக் கற்பவர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று.

ஆக்சிஜன் இன்னும் சிக்கலானது. லூயிஸ் வரைபடம் அதன் எலக்ட்ரான்கள் யாவற்றையும் இரட்டைகளாகவே காட்டும். திரவ ஆக்சிஜனோ காந்தமுனைகளுக்கிடையே ஈர்க்கப்பட்டு நிற்கும். மூலக்கூற்று ஆர்பிட்டால் கொள்கை தரும் துணையற்ற இரண்டு எலக்ட்ரான்களே அதற்குக் காரணம். ‘ஆக்சிஜன் மூலக்கூறில் தனித்த எலக்ட்ரான்கள் உள்ளன’ என்னும் தொடர் எப்பொருளில் கொள்ளினும் மெய்யாகிறது. எனவே எதனையும் விளக்காமற் போகிறது.

‘இணையாத எலக்ட்ரான்’ என்னும் மாற்று வழக்கும் குறையற்றதன்று. ‘இணை’ பெயராயின் இரட்டை, வினையாயின் சேர்தல். இணைதிறன் என்னும் சொல்லில் பயின்ற மாணவர், ‘இணையாத’ என்பதைப் பிணைப்பில் சேராதது எனக் கொள்வதற்கு இடமுண்டு. அங்ஙனம் கொண்டால் மீண்டும் தனித்த இரட்டையிடமே வந்து நிற்பார். ‘இணையில்லா’ என்றாலோ ஒப்பற்ற என்னும் பொருள் குறுக்கிடும். ‘ஒற்றை எலக்ட்ரான்’ எளியது. ஆயின் ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் போன்றவற்றைச் சுட்டவும் அச்சொல் வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு இவ்விடத்தில் தெளிவானது. ‘சோடி’ என்பதை அடியாகக் கொண்டதால் தனிச்சோடி வேறு, சோடியற்றது வேறு எனச் சொல்லளவிலேயே பிரிந்துவிடுகின்றன. ‘சோடி’ வழக்குச்சொல் என்று தயங்குவோர் உளர். பொருள் மயக்கத்தினும் அது பெருங்குறையாகாது. இரும்பின் மூவேற்ற அயனியில், 3டி கூட்டில் ஐந்து சோடியற்ற எலக்ட்ரான்கள் உள்ளன என்று எழுதினால், ஐயத்திற்கு இடமின்றி எண்ணிக்கை அமைந்துவிடுகிறது.